தோளேறினால் எழுந்து நிற்பார்கள்

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் சயன் கோப் என்றொரு துணி இருக்கிறது. 1300-க்கும் 1320-க்கும் இடையில் இங்கிலாந்தில் தைத்தது. கோப் என்பது குருவானவர் பவனியிலும் நற்கருணை ஆசீரிலும் தோளில் போர்த்திக்கொள்ளும் அரைவட்டப் போர்வை. நம் ஊர்க் கோயில்களிலும் பார்த்திருப்பீர்கள். இது ஏறக்குறைய 3 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம். விரித்து வைத்திருப்பதால் நடுவரிசையில் தேவமாதா முடிசூடுவதும் சிலுவைப்பாடும் நாகத்தைக் குத்தும் மிக்கேல் சம்மனசும் நேராகத் தெரியும். ஓரத்துக்குப் போகப் போக அப்போஸ்தலர்கள் சாய்ந்துகொண்டே வந்து, கடைசியில் நிற்க வேண்டியவர்கள் கிட்டத்தட்டப் படுத்தே இருப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். வரைந்தவருக்கு அளவு தெரியவில்லை என்று ஒரு பையன் தன் அம்மாவிடம் சொன்னது ஒருநாள் என் காதில் விழுந்தது.

அளவெல்லாம் மிகச் சரி. அரைவட்டத்தின் நேர்விளிம்பில் உள்ள நடுப்புள்ளி போடுகிறவரின் பிடரியில் உட்காரும். எல்லாப் புனிதர்களின் தலையும் அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் இருக்கிறது. கால்கள் எல்லாம் வளைந்த விளிம்பைப் பார்த்து. போர்வை தோளில் ஏறியதும் வளைந்த விளிம்பு தரையை ஒட்டிச் சுற்றிவந்துவிடும். படுத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிடுவார்கள். போட்டவர் நடந்தால் அவர்களும் நடப்பார்கள்.

நவீனக் கலைஞர்களுக்குக் கைத்தையல் செய்துகொடுப்பது என் பிழைப்பு. அவர்களில் பாதிப்பேர் இடைக்காலத்துக் கிறிஸ்தவ உருவங்களை எடுத்துக்கொண்டுதான் என்னிடம் வருகிறார்கள்: புனிதர்கள், பேய்கள், கடைசித் தீர்வை, காயங்கள். எல்லாரிடமும் முதல் சந்திப்பிலேயே நான் கேட்பது ஒன்றுதான். இதைப் போட்டுக்கொண்டு நடக்கப் போவது யார்? பலரிடம் பதில் இருக்காது. சுவரில் மாட்டத்தான் என்பார்கள். சுவரில் மாட்டுவதற்கு என்றால் அச்சடித்துக்கொள்ளுங்கள், மலிவாக முடியும் என்று சொல்லி அனுப்பியதும் உண்டு. தொழில் செய்கிறவள் பேசும் பேச்சா இது என்று என் கணக்கர் இன்னும் வருத்தப்படுகிறார்.

எனக்கு ஊர் முளகுமூடு பக்கம். 1897-ல் பெல்ஜியத்திலிருந்து மரி லூயிஸ் தெ மீஸ்தர் என்ற கன்னியாஸ்திரி அங்கே வந்தார், அவர் வழியில் வந்த மடத்தில் தையலும் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்திருந்தார். ஆக, எங்கள் பக்கத்தில் ஊசி பிடிக்கத் தெரிந்த பெண் வீட்டுக்கு ஒருத்தியாவது இருப்பாள். நான் படித்தது ஒரு மடத்துத் தையல் வகுப்பில். பீடத்துணி, பூசை உடுப்பு, மாதா சொரூபத்துக்கு உடுத்தும் நீலப் போர்வைக்கு ஜரிகைக் கரை. கற்றுக்கொடுத்த வயதான சிஸ்டர் துணியைத் திருப்பித்தான் பார்ப்பார். “மக்களே, முன்னாடி யாரு வேணும்னாலும் ஏமாத்தலாம். பின்னாடியக் காட்டு” என்பார்.

லத்தீன் பூசைக் காலத்தை நேரில் பார்த்தவர் அவர். அப்போது குருவானவர் பீடத்தைப் பார்த்து நிற்பார், சனங்களுக்கு முதுகுதான் தெரியும். அதனால்தான் பழைய பூசை உடுப்புகளில் பெரிய சிலுவையும் நல்ல வேலைப்பாடும் முதுகில் இருக்கும், மார்பில் சும்மா ஒரு பட்டை ஓடும். 1960-களில் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு குருவானவர் சனங்களைப் பார்த்துத் திரும்பினார். தையலும் முதுகிலிருந்து மார்புக்கு வந்தது. “சாமியார் திரும்பினாரு, எங்களுக்கு வேலை ரெட்டிச்சிச்சு” என்று சிஸ்டர் சிரிப்பார். தையலை இடம் மாற்றியது நிற்கும் திசை. இதை அந்த வயதில் கேட்டது எனக்குப் பின்னால் எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது.

பிறகு சென்னையில் ஒரு எக்ஸ்போர்ட் பட்டறை. அங்கே அட்டா என்ற தையல் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து ஆரி, சர்தோசித் தையல். பாய்மார்கள் வேகம் எனக்கு வரவே இல்லை. ஆனால் துணியை எப்படி இழுத்துக் கட்டுவது என்பதை அவர்களிடம்தான் கற்றேன். தட்டினால் தவில் மாதிரி ஒலிக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஊசியை எடுக்காதே என்பார்கள். அதற்கப்புறம் கல்யாணம், லண்டன், தியேட்டர் உடையறையில் கொக்கி தைக்கும் வேலை. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

2016 அக்டோபரில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டில் ‘ஓப்பஸ் ஆங்லிக்கானம்’ கண்காட்சி திறந்தது. இடைக்கால இங்கிலாந்தின் தங்கத்தையலுக்கு ஐரோப்பா வைத்த பெயர் அது. இவ்வளவு பெரிதாக ஒன்றுசேர்த்துக் காட்டியது 1963-க்குப் பிறகு அப்போதுதான். 1246-ல் பாப்பரசர் நான்காம் இன்னசென்ட் ஆங்கிலேயப் பாதிரிமார்களின் உடுப்பில் இருந்த ஜரிகைக் கரையைப் பார்த்து ஆசைப்பட்டு, எனக்கும் அனுப்புங்கள் என்று மடங்களுக்குக் கடிதம் போட்டார் என்று மாத்யூ பாரிஸ் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார். 1295-ல் வத்திக்கானில் எடுத்த பட்டியலில் வேறெந்த நாட்டுத் தையலையும்விட இங்கிலாந்துத் தையல்தான் அதிகம். அப்படிப்பட்ட சாமான்களில் எஞ்சியதை ஒரே கூரையின் கீழ் பார்க்கக் கிடைத்தது. எஞ்சியது என்று சொல்லக் காரணம், 16-ம் நூற்றாண்டில் இங்கிலாந்து புராட்டஸ்டண்ட் பக்கம் மாறியபோது நிறைய கோப் போர்வைகளை வெட்டிப் பீடத்துணியாகவும் வேறு எதுவாகவும் ஆக்கிவிட்டார்கள். பட்லர்-பௌடன் கோப் என்ற சிவப்பு வெல்வெட் போர்வை அப்படி வெட்டுப்பட்டு, பிறகு துண்டுகளைத் திரும்பக் கூட்டியது. தையல் சேர்ந்த இடங்களில் கண் வைத்தால் தெரியும். சயன் கோப்பை ஒரு மடத்துக் கன்னியர்கள் நாடுவிட்டு நாடு தூக்கிக்கொண்டு லிஸ்பன் வரை போய், 19-ம் நூற்றாண்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

நான் அங்கே தேடியது தங்கம் எப்படிப் பிடித்திருக்கிறது என்பதை. சர்தோசியில் கம்பி துணிமேல் உட்காரும். கவுச்சிங் என்று நாம் செய்வதில் ஜரிகையை மேலே கிடத்தி, குறுக்கே மெல்லிய நூலால் கட்டுவோம். கட்டின நூல் மேலே தெரியும், காலப்போக்கில் தேய்ந்து அறும். இவர்கள் செய்தது வேறு. ஜரிகை மேலே, தடித்த லினன் நூல் கீழே. லினன் நூல் மேலே வந்து ஜரிகையைச் சுற்றி, வந்த ஓட்டை வழியே திரும்பப் போகும். போனதும் கீழிருந்து ஒரு வெடுக். ஜரிகையின் ஒரு பொடி வளையம் ஓட்டைக்குள் இறங்கிப் பின்பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். மேலே தங்கத்தைத் தவிர எதுவும் தெரியாது. கட்டின நூல் உள்ளே ஒளிந்திருப்பதால் தேயாது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வொரு வளையமும் ஒரு கீல். தங்கத்தால் நிரப்பிய பரப்பு அட்டையாக விறைக்காமல் ஒவ்வொரு கீலிலும் மடங்கி விழும். ஆயிரக்கணக்கான கீல்கள் உள்ள துணி அது. நடப்பதற்காகவே கண்டுபிடித்த தையல். 14-ம் நூற்றாண்டு நடுவில் கொள்ளைநோய் வந்த பிறகு மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. நேரம் குடிக்கும் வேலை, ஆள் கிடைத்திருக்காது.

வீட்டுக்கு வந்து செய்துபார்த்தபோது லண்டன் கடைகளில் கிடைக்கும் ஜப்பான் ஜரிகை ஒத்துவரவில்லை. காகிதத்தில் ஒட்டிய தகடு அது. வெடுக்கென்று இழுத்தால் ஓட்டையின் வாயிலேயே விரிந்துவிடும். இடைக்கால நூல் எப்படிச் செய்தது என்று பார்த்தால், முலாம் பூசிய வெள்ளியைத் தகடாகத் தட்டி, மெல்லிய நாடாவாக்கி, பட்டு நூலைச் சுற்றிச் சுற்றியது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்து, அம்மாவின் முகூர்த்தப் புடவை முந்தானையிலிருந்து ஒரு இழை உருவிப் பார்த்தேன். அதே கட்டுமானம். காஞ்சிபுரத்துக்குப் போகும் சூரத்து அசல் ஜரிகை. உள்ளே பட்டு, மேலே வெள்ளி நாடா, அதன்மேல் தங்க முலாம். அன்றிலிருந்து என் ஜரிகை எல்லாம் சூரத்திலிருந்துதான் வருகிறது. இழுத்தால் மடங்கும், விரியாது. பட்டுக்கு நிறம் சிவப்பா மஞ்சளா என்பதை வைத்துத் தங்கத்தின் சாயலே மாறும். நான் மஞ்சள் கேட்டு வாங்குகிறேன்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு கலைஞர் வந்தார். வட இங்கிலாந்துக்காரர், நிகழ்த்துகலை செய்பவர். கையில் ஒரு புனிதையின் படம். பெயர் வில்கிஃபோர்டிஸ். போர்ச்சுகல் நாட்டு இளவரசி என்று கதை. விரும்பாத மன்னனுக்குக் கட்டிவைக்கப் பார்த்த தகப்பனிடமிருந்து தப்ப, என் அழகை எடுத்துவிடு ஆண்டவரே என்று வேண்டினாளாம். விடிந்தபோது முகத்தில் தாடி. மாப்பிள்ளை ஓடிவிட்டான், தகப்பன் அவளைச் சிலுவையில் அறைந்தான். கேட்டவுடன் எனக்குக் காரைக்கால் அம்மையார் நினைவு வந்தது, உங்களுக்கும் வந்திருக்கும். இங்கிலாந்தில் இவளுக்கு அன்கம்பர் என்று பெயர். புருஷன் தொல்லை நீங்கப் பெண்கள் இவளுக்கு ஓட்ஸ் நேர்ந்து படைத்தார்கள் என்று தாமஸ் மோர் கிண்டலாக எழுதியிருக்கிறார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் ஏழாம் ஹென்றி கட்டிய சிற்றாலயத்தில் தாடியோடு புத்தகம் படித்தபடி நிற்கிறாள். பெரும்பாலானவர்கள் அவளைக் கவனிக்காமல் ராஜாவின் கல்லறையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்தக் கதை எங்கிருந்து முளைத்திருக்கும் என்பதற்கு அறிஞர்கள் சொல்லும் விளக்கம் தையற்காரிக்குத் தேன். இத்தாலியில் லூக்கா நகரத்துக் கதீட்ரலில் பழைய மரச்சிலுவை ஒன்று இருக்கிறது. அதில் இயேசு இடுப்புத்துணியோடு இல்லை, கணுக்கால் வரை நீண்ட அங்கியோடு இருக்கிறார். செப்டம்பர் திருவிழாவில் அதன்மேல் நிஜ வெல்வெட்டும் தங்கமும் உடுத்துவார்கள். அதன் நகல்கள் வடக்கே பரவியபோது, இடுப்புத்துணி இயேசுவையே பார்த்துப் பழகிய சனங்கள், கவுன் போட்டு யாரோ சிலுவையில் இருக்கிறார்கள், தாடியும் இருக்கிறது, இது யார் என்று கேட்டிருக்கிறார்கள். பதிலாக ஒரு புனிதை பிறந்துவிட்டாள்.

கலைஞருக்கு முதலில் வேண்டியிருந்தது பாலியஸ்டர் சாட்டினில் டிஜிட்டல் பிரிண்ட், மேலே கொஞ்சம் தங்க ஃபாயில். மேடைவிளக்கில் மின்னும், சீக்கிரம் முடியும், பேட்டி கொடுக்க வசதி. அவர் மனசில் இருந்தது அதிர்ச்சி. தாடிவைத்த பெண்ணைச் சிலுவையில் ஏற்றினால் யாராவது கோபப்படுவார்கள் என்ற எதிர்பார்ப்பு. இதில்தான் எனக்கும் இப்படிப்பட்டவர்களுக்கும் ஒத்துப்போவதில்லை. இடைக்காலத்தவரை அதிரவைக்க நம்மால் ஆகாது. உரித்த தன் தோலைத் தானே கையில் பிடித்திருக்கும் பர்த்தலமேயுவையும் அறுத்த மார்பைத் தட்டில் ஏந்திய ஆகத்தாவையும் பிள்ளைகள் பார்க்கும் உயரத்தில் வரைந்துவைத்தவர்கள் அவர்கள். நான் சயன் கோப்பின் விளக்கத்தைச் சொல்லி, ஒரு பழைய போர்வையை அவர் தோளில் போட்டு, பிடரியிலிருந்து காகித உருவங்களைக் குத்திக் காட்டினேன். நடக்கச் சொல்லி வீடியோ எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்ததும் பேச்சு மாறிவிட்டது.

அவருடைய பெரிய யோசனை அதற்குப் பிறகு வந்தது, அதற்காக அவருக்குத் தொப்பி கழற்றலாம். முதுகின் நடுவில் வில்கிஃபோர்டிஸ். சுற்றிலும் அப்போஸ்தலர்கள் இருக்கும் இடத்தில் அவருடைய ஊரில் வாழும் பெண்கள், பிசிஓஎஸ் போன்ற காரணங்களால் முகத்தில் முடி வளர்கிறவர்கள், அவர்களுடைய சம்மதத்தோடு. புனிதர்கள் தங்களை வதைக்க வந்த கருவியை ஏந்தி நிற்பார்கள் அல்லவா, லாரன்சுக்கு இரும்புக் கட்டில், கத்தரீனாவுக்குச் சக்கரம் என்று? இந்தப் பெண்கள் கையில் ரேசர், ட்வீசர், வேக்ஸ் பட்டை. ஒருத்தி பிராட்ஃபோர்டு பக்கத்துப் பஞ்சாபிப் பெண். அவள் திரெடிங் நூலைப் பல்லில் கடித்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருக்கிறாள். வரைய உட்கார்ந்தபோது சிரித்துச் சிரித்து அந்த நூலை விட்டுவிட்டாள். இடைக்காலப் பட்டறையில் இதைக் காட்டியிருந்தால் யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

முகம் தைப்பதைப் பற்றிக் கொஞ்சம். பழைய வேலையில் முகம் முழுக்க ஸ்பிளிட் ஸ்டிட்ச். முறுக்காத பட்டில் ஒரு தையல் போட்டு, அடுத்த தையலில் ஊசி அந்த இழையையே இரண்டாகப் பிளந்துகொண்டு மேலே வரும். தொடங்குவது நெற்றியிலோ தாடையிலோ அல்ல, கன்னத்தின் நடுவில். அங்கிருந்து சுருளாகச் சுற்றிக்கொண்டே வெளியே வர வேண்டும். பட்டு ஓடும் திசை மாற மாற வெளிச்சமும் மாறும், தட்டைத் துணியில் கன்னம் உருண்டு நிற்கும். நிறமே மாற்றாமல் நிழல் வருகிறது. தலைமுடிக்கும் தாடிக்கும் இரண்டு நிறத்தில் மாறி மாறி வரி. நீலமும் வெள்ளையும்கூடப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பெண்களுக்குத் தாடி எங்கே தொடங்குவது என்பதுதான் கேள்வி. பழைய புனிதர்களுக்குத் தாடி தனித் துண்டு, ஒட்டவைத்தது போல நிற்கும். நான் கன்னத்துச் சுருளை நிறுத்தாமல் அப்படியே தாடைவரை ஓடவிட்டு, போகிற போக்கில் நூலின் நிறத்தை மட்டும் மாற்றினேன். தோல் எங்கே முடிந்தது, முடி எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. வரையப்பட்ட பெண்களில் ஒருவர் சட்டத்தின் மேல் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, ஆமாம், இப்படித்தான் இருக்கும் என்றார். எனக்கு அதுதான் பத்திரிகை விமர்சனம்.

தங்கத்தரை போட ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நாள் ஆகும். முழுப் போர்வைக்கும் தங்கத்தரை என்றால் என் ஆயுள் போதாது. முகங்களுக்குப் பின்னால் மட்டும் போட்டு மிச்சத்தை மேடர் வேரில் சாயம் தோய்த்த கம்பளியில் விட்டோம். கூலியைப் பற்றிப் பேச்சு வந்தபோது கலைஞரிடம் மேபல் கதையைச் சொன்னேன். பரி செயின்ட் எட்மண்ட்ஸைச் சேர்ந்த மேபல், மூன்றாம் ஹென்றி ராஜாவுக்குத் தைத்தவள், 1239 முதல் அரச கணக்குகளில் பெயர் வருகிறது. 1256-ல் ராஜா அந்த ஊருக்குப் போனபோது, நெடுநாள் உழைத்தவள் என்று அவளுக்குத் துணியும் முயல்ரோமம் வைத்த அங்கியும் கொடுக்க உத்தரவிட்டார். முயல் வேண்டாம், வாரச் சம்பளம் போதும் என்றேன். ஒழுங்காகவே கொடுத்தார்.

நிகழ்வு நடந்தது வழிபாடு நின்றுபோன ஒரு பழைய கற்கோயிலில். மேற்கு வாசலிலிருந்து, முன்பு பீடம் இருந்த இடம்வரை நடந்து, சனங்களுக்கு முதுகைக் காட்டியபடி அங்கேயே நிற்பது. பேச்சில்லை, பாட்டில்லை. வெளிச்சத்துக்கு மட்டும் ஒரு பெரிய சண்டை நடந்தது. விளக்கு போடுகிறவர் வெள்ளை எல்இடி வைத்திருந்தார். தங்கம் அதில் தகரமாகத் தெரிந்தது. மெழுகுவர்த்தி கேட்டேன், தீயணைப்பு விதி இடம் கொடுக்காது என்றார்கள். கடைசியில் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துக் கையில் பிடித்துவர அனுமதி கிடைத்தது. சுடர் அசையும்போது உள்ளே மடங்கிய ஒவ்வொரு கீலும் ஒரு நொடி வெளிச்சத்தைப் பிடித்து விட்டுவிடும். மேலே கட்டிய ஜரிகையில் இது வராது. ஒத்திகையில் அதைப் பார்த்துவிட்டு விளக்குக்காரரே மற்ற விளக்குகளை அணைத்தார்.

உள்ளூர்க் கத்தோலிக்க மூதாட்டி ஒருவர் முதல் நாள் நிகழ்வுக்கு வந்திருந்தார். முடிந்ததும் நேரே கலைஞரிடம் போனார். வந்தது வம்பு என்று நினைத்தோம். அவருக்குத் தாடியைப் பற்றி ஒரு குறையும் இல்லை. நடை வேகம் என்றார். அந்த மாதிரிப் போர்வை போட்டவர்கள் இப்படி ஓடமாட்டார்கள், பின்னால் விளிம்பு வந்து சேருவதற்குள் முன்னால் கால் போய்விடக் கூடாது என்று நடந்தே காட்டினார். மறுநாள் கலைஞர் அப்படித்தான் நடந்தார். எந்தக் கலைப்பள்ளியிலும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

மற்றவர்கள் செய்வதையும் நான் பார்க்காமல் இல்லை. கிரேசன் பெரி 2012-ல் செய்த ஆறு திரைச்சீலைகள், ஒவ்வொன்றும் 2 மீட்டர் உயரம், 4 மீட்டர் நீளம். பழைய தேவாலய ஓவியங்களின் அமைப்புக்குள் இன்றைய பிரிட்டனின் வர்க்கங்களை உட்காரவைத்தவை. பெல்ஜியத்தில் கம்ப்யூட்டர் தறியில் நெய்தது. கூர்மையான மனிதர், ஆனால் அவர் துணியில் எனக்கு வேலை இல்லை, அது சுவர். சுவரும் சும்மா நின்றதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆஞ்ஜேயில் இருக்கும் 14-ம் நூற்றாண்டுத் திருவெளிப்பாட்டுத் திரைச்சீலையை 1400-ல் ஒரு கல்யாணத்துக்காக ஆர்லுக்குத் தூக்கிப்போய் விரித்தார்கள். 2020 ஜனவரியில் பாரிஸ் ரோடான் மியூசியத்துத் தோட்டத்தில் டியோர் நடத்திய காட்சிக்கு ஜூடி சிகாகோ வடிவமைத்த பதாகைகளை மும்பை சாணக்யா பள்ளியின் பெண்கள் தைத்தார்கள். தரையில் இடைக்காலத் திரைச்சீலைகளைப் போலப் பூக்கள் சிதறிய கம்பளம். பதாகை அழகு. ஆனால் மாடல்கள் அதன் நடுவே நடந்துபோனார்கள், அதைத் தூக்கிக்கொண்டு நடக்கவில்லை. பதாகை என்றால் ஒருவர் தூக்க வேண்டாமா?

2024 டிசம்பரில் பாரிஸ் நோத்ர தாம் திரும்பத் திறந்தபோது ஜான்-ஷார்ல் தெ காஸ்தெல்பஜாக் செய்த பூசை உடுப்புகளைப் பலர் கேலி செய்தார்கள். பொன் சிலுவையும் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் துண்டுகளும். படமாகப் பார்த்தால் எனக்கும் கொஞ்சம் பள்ளிக்கூடத்துத் தனமாகத்தான் பட்டது. தொலைக்காட்சியில் குருமார்கள் கூட்டமாக வரிசையில் அசைந்தபோது கருத்து மாறிவிட்டது. ஒரு முதுகில் தொடங்கிய நிறம் அடுத்த முதுகில் போய் முடிகிறது. அவர் தூரத்தையும் கூட்டத்தையும் நினைத்து வெட்டியிருக்கிறார். அது தெரிந்தவர் வேலை.

ஆனால் நான் மிகவும் விரும்பிச் செய்தது தங்கமே இல்லாத ஒரு வேலை. யார்க் நகரத்தில் இடைக்காலத்தில் தொழில்வாரிச் சங்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு வண்டியில் பைபிளின் ஒரு கட்டத்தை நடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். உலகப் படைப்பில் தொடங்கிக் கடைசித் தீர்வை வரை. 1569-க்குப் பிறகு நின்று, 1951-ல் உயிர்பெற்றது. 1998 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வண்டிகளும் திரும்ப ஓடுகின்றன. கடைசித் தீர்வை துணிவணிகர்கள் பொறுப்பு. அவர்களிடம் இருந்த சாமான்களின் 1433-ம் வருடப் பட்டியல் கிடைத்திருக்கிறது. நரகவாய், பேய்களுக்கு முகமூடிகள், கடவுள் பரலோகத்துக்கு ஏறும்போது உட்கார ஒரு இரும்புச் சட்டம், பரலோகத்தில் ஓடித்திரிய சிவப்புச் சாயம் பூசிய சின்னச் சம்மனசுகள் ஒன்பது, அவற்றை ஓடவைக்க நீளமாக ஒரு மெல்லிய கயிறு. கடவுளுக்கு முலாம் பூசிய முகமூடி ஒன்றும், காயப்பட்ட சட்டை ஒன்றும்.

காயப்பட்ட சட்டை. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. ஒரு வண்டிக் குழு அதை என்னிடம் கேட்டது. வழக்கமாகத் தோல்நிறச் சட்டையில் சிவப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். தெருவில், பகல் வெளிச்சத்தில், முப்பதடி தள்ளி நிற்பவருக்கு அது ரசம் கொட்டிய சட்டை. அந்த நாடகத்தில் நியாயாதிபதியாக வரும் கிறிஸ்து தன் காயங்களைக் காட்டுவது முக்கியமான கட்டம். காட்டுவது என்றால் கை உயர வேண்டும். அதனால் நான் காயத்தை மேலே வைக்கவில்லை. விலாவில் சட்டையை ஒரு சாண் கீறி, உள்ளே இரண்டடுக்குச் சிவப்புப் பட்டு வைத்தேன். மேலடுக்கு கருஞ்சிவப்பு, அடியில் பளீர்ச் சிவப்பு. கை தொங்கும்போது கீறல் மூடியிருக்கும், சட்டை வெறும் சட்டை. கை தோளுக்கு மேலே ஏறும்போது துணி இழுபட்டு வாய் திறக்கும், முதலில் கருஞ்சிவப்பு, பிறகு பளீர்ச் சிவப்பு. பழைய செபப் புத்தகங்களில் விலாக்காயத்தை மட்டும் தனியாக, நெட்டுக்குத்தாக, பாதாம்பருப்பு வடிவில் வரைந்திருப்பார்கள்; திறந்த கீறல் தானாகவே அந்த வடிவத்துக்கு வந்தது. ஓரத்தை மடித்துத் தைத்தால் அளவுக்குமேல் சுத்தமாக இருந்தது, மடிக்காமல் விட்டால் பிரியும். கடைசியில் சட்டைத்துணியின் நூலிலேயே நெருக்கிச் சுற்றுத்தையல் போட்டு, அங்கங்கே இழையைத் தளர்த்திவிட்டேன். நடித்தவர் ஊரில் பிளம்பர். கை தூக்குவது அவருக்குத் தொழில், அழகாகத் தூக்கினார். முன்வரிசையில் இருந்த ஒரு குழந்தை அந்தக் காயம் திறந்து மூடுவதைத் திரும்பப் பார்க்க வேண்டுமென்று வண்டியோடு அடுத்த நிறுத்தத்துக்கும் ஓடியது.

டோனி ஹாரிசன் எழுதி 1985-ல் நேஷனல் தியேட்டரில் முழுதாக நடந்த ‘தி மிஸ்டரீஸ்’ நாடகத்தை வீடியோவில்தான் பார்த்தேன். கடவுள் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் மேல் நின்று உலகத்தைப் படைக்கிறார், நடிகர்கள் எல்லாம் தொழிலாளர் உடுப்பில். 1433-ம் வருடத்து இரும்புச் சட்டமும் கயிறும் யார்க்கில் அன்றைக்கு இருந்த ஃபோர்க்லிஃப்ட்தான். பழசை இவ்வளவு நேர்மையாகப் புதுப்பித்தவர்கள் குறைவு.

வில்கிஃபோர்டிஸ் போர்வையை ஒரு மியூசியம் விலைக்குக் கேட்டது. நல்ல விலை. ஆனால் வாங்கியபின் யாரும் அதைப் போடக் கூடாது, ஒளி 50 லக்ஸுக்கு மேல் படக் கூடாது, தட்டையாகக் கண்ணாடிக்குள். அவர்கள் விதியில் தப்பில்லை. சாயம் வெளுக்கும், பட்டு நொறுங்கும், தோளில் ஏறும் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுள் குறையும். வருடம் ஒருமுறை போட்டு நடக்க அனுமதி என்று கலைஞர் ஒரு வரி சேர்க்கக் கேட்டார், அவர்கள் ஒப்பவில்லை, விற்பனை நின்றது. எனக்கு வரவேண்டிய பங்கும் அதோடு போனது. தரைவிளிம்பு ஏற்கெனவே நைந்திருக்கிறது. நடந்த போர்வைகளில் முதலில் போவது அதுதான். ஆகவே அதைத் தனிப் பட்டையாகவே வைத்துத் தைத்திருந்தேன், பிரித்து மாற்றிக்கொள்ளலாம். உருகிய மெழுகு இரண்டு இடத்தில் சொட்டியிருந்தது. பிளாட்டிங் பேப்பர் வைத்து இளஞ்சூட்டில் தேய்த்ததில் வந்துவிட்டது.

இப்போது அது என் பட்டறையில் மடிபட்டுக் கிடக்கிறது, மடிப்பு ஆகாது. யார்க் மின்ஸ்டரிலும் சாலிஸ்பரியிலும் இதற்கென்றே இடைக்காலத்தில் செய்த கால்வட்ட மரப்பெட்டிகள் இருக்கின்றன. போர்வையை ஒரே ஒரு மடிப்பில் கிடத்தலாம். அந்த அளவை எடுத்து ஒரு தச்சரிடம் கொடுத்திருக்கிறேன், ஓக் மரம் வேண்டாம், அதன் அமிலம் ஜரிகைக்கு ஆகாது என்று சொல்லி. வசந்தத்தில் கலைஞர் திரும்ப நடக்கப் போகிறார். அதற்குள் விளிம்புப் பட்டை மாற்றியாக வேண்டும். சூரத்துக்காரரிடம் அதே லாட் ஜரிகையில் கூடுதலாக ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன். லாட் மாறினால் மஞ்சள் சேராது.